வீட்ல ஆளில்லை

அட, சோபா வேண்டாங்க தம்பி. அந்த டேபிள் மட்டும் போதும். வீடு காலி பண்றதுக்கு மூவிங் சேல்னு லாண்டரி ரூம்ல ஒட்டுன பேப்பர்ல சந்தானம்னு பேரப் பாத்தேன், நம்ம எதுத்த பில்டிங் தம்பியாச்சேன்னு வந்தேன். டீயெல்லாம் எதுக்குங்க, பாத்திரமெல்லாம் கட்டி வெச்சுட்டீங்க. சரி, பேப்பர் கப்புலயே குடுங்க.

வெள்ளிக்கெழம ஊருக்கு பிளைட்டா. ஹெச்-ஒன் விசால இருக்கறவனுக்கு வேல போனா அப்படித்தான், மூச்சு விட நேரம் குடுக்க மாட்டான். வேற ஸ்பான்சர் ஒருத்தனும் இல்லியா. ம். ரெண்டு வருசம் முன்னாடி ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலைன்னு ஆள அள்ளி அள்ளி எடுத்தான். இப்ப பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் ஸ்டேஷன்ல காலைல எட்டு மணிக்குப் போனாலும் பார்க்கிங் கெடைக்குது.

உங்க டிஎஸ்எல் இன்டர்நெட் கம்பெனில எத்தன பேருங்க. நூத்திப்பத்தா. எல்லாத்தையும் ஒரே ரூமுக்குக் கூப்ட்டு சொன்னானா. சிஇஓ அழுதானா. பரவால்லீங்க, அழவாச்சும் செஞ்சான்.

இல்லீங்க, உங்க வேலைல கொற இல்ல. மார்க்கெட் விழுந்துச்சுன்னு சொல்றாங்க, அதுவும் உண்டுதான். ஆனா கஸ்டமருக்கு நேரத்துக்கு கனெக்ஷன் குடுத்திருந்தா கொஞ்சம் நின்னிருப்பீங்க. எங்கீங்க குடுக்கறது. வீட்டுக்குள்ள வர்ற கம்பி எங்க போன் கம்பெனியுது. தொண்ணூத்தாறுல சட்டம் போட்டான், அந்தக் கம்பிய புதுசா வர்ற கம்பெனிக்காரனுக்கும் விடோணும்னு. நீங்க ஆர்டர் அனுப்போணும், எங்க ஆளு அந்த வீட்டுக்குப் போய் இணைச்சுக் குடுக்கோணும். போட்டிக்காரனுக்கு எவனுங்க ஓடி ஓடிச் செய்வான்.

அதுக்குன்னுதான் ஒரு ரிப்போர்ட். எங்க கஸ்டமருக்கு எத்தன நாள்ல குடுத்தோம், உங்குளுக்கு எத்தன நாள்ல குடுத்தோம்னு மாசாமாசம் போன் கம்பெனிகளக் கண்காணிக்கற ஸ்டேட் போர்டுக்கு அனுப்போணும். ரெண்டும் சமமா இருந்தாத்தான் எங்க கம்பெனி லாங் டிஸ்டன்ஸ் கால் சர்வீஸும் விக்கலாம். அந்த ரிப்போர்ட்ட யாரு தயார் பண்றதுங்கறீங்க. எங்க கம்பெனியேதான். பரீட்ச எழுதறவனே பேப்பரும் திருத்தற மாதிரி.

பில்லிங்லதான் இருக்கறேன்னு சொல்லிருந்தேன், இல்லீங்களா. சும்மா சொன்னதுங்க. நாலு வருசமா அந்த ரிப்போர்ட்தான் என் வேல.

பொய் நம்பர் ஒண்ணுகூடப் போட்டதில்லீங்க. மொதல்ல அப்படித்தான் நானும் சொல்லிக்கிட்டேன். எங்க ஆளு போறான், கஸ்டமர் வீட்ல இல்ல, அந்த ஆர்டரக் கணக்குல சேக்க வேண்டாம்னு ரூல் இருக்குது. நியாயந்தான. ஒரு மாசம் உங்க ஆர்டருக்கு ஆன நாளெல்லாம் ரொம்ப இழுத்துக்கிட்டுப் போச்சு. மேனேஜரம்மா கூப்ட்டு, ஆளு போனானா இல்லியான்னே எழுதாம நெறைய ஆர்டர் கெடக்குதே, அதையும் வீட்ல ஆளில்லைன்னு போட்ருன்னு சொல்லுச்சு. சிரிச்சுட்டேதான் சொல்லுச்சு. என் கிரீன் கார்டு பைல் அப்ப அந்தம்மா கையெழுத்துக்குத்தான் நின்னுட்டிருந்துது. எம் பொண்ணு ஓவியாவுக்கு இங்கதான் ஸ்கூலு. சரிங்கன்னு போய் எழுதிட்டேன்.

புரோகிராம்ல ஒரே வரி. அடுத்த மாசமே ரெண்டும் சமமாயிருச்சு. போர்டுல திருப்தின்னு எழுதிட்டான். நீங்க அனுப்புன கம்ப்ளெயின்டுக்கெல்லாம் எங்க வக்கீலு அந்தத் தாளத்தான் எடுத்துக் காட்டுனான்.

எம் பொண்டாட்டி வசந்தாமணி சொல்றா, நீங்க எழுதாட்டி இன்னொருத்தன் எழுதியிருப்பான், வந்து டீயக் குடிங்கன்னு. அதையே புடிச்சுட்டு ரொம்ப நாளு ஓட்டிட்டேன். யாரு பேரும் தெரியாத வரைக்கும் அது சரிப்பட்டு வந்துச்சுங்க.

நவம்பர்ல உங்க வீட்டுக்கே டிஎஸ்எல் ஆர்டர் போட்டீங்களே, ஸ்டாஃபுக்கு ஃப்ரீன்னு. எங்க ஆளு வர்றதாச் சொன்ன அன்னிக்கு எனக்குக் காய்ச்சல், ஆபீஸ் போகல. காலைல எட்டு மணிலேர்ந்து நீங்க வாசப்படிலயே நின்னுட்டிருந்தீங்க. அந்தக் குளுர்ல கதவத் தொறந்தே வெச்சிருந்தீங்க, பெல் கேக்காமப் போயிருமோன்னு போல. மத்தியானம் தட்டோட வந்து அங்கியே நின்னுட்டு சாப்ட்டீங்க. ஒரு வண்டி வரல. இருட்டுனப்பறந்தான் உள்ள போனீங்க. நான் ஜன்னல்லேர்ந்து பாத்துட்டே இருந்தேன்.

அடுத்த வாரம் ரிப்போர்ட்டு லிஸ்டுல உங்க பேரு வந்துச்சுங்க. சந்தானம், பிளெய்ன்ஸ்பரோ, அபார்ட்மென்ட் நம்பரோட. அதும் பக்கத்துல, வீட்ல ஆளில்லைன்னு இருந்துச்சு. நானே அழிச்சிருக்கலாம், ஒரு நிமிசங்கூட ஆகாது. அப்படியே போர்டுக்கு அனுப்பிட்டேன்.

வெக்கமாத்தான் இருக்குது தம்பி. ஏன் இவ்வளவு நாள் சொல்லலன்னு கேட்டா என்ன சொல்றது. கிரீன் கார்டு போன வாரந்தான் கைக்கு வந்துச்சு.