விடுபட்ட பத்தொன்பதாம் ஃபாரம்

பத்தே நிமிடத்தில் முடித்துவிடு என்று என் காதோடு சொல்லிவிட்டு, ஒன்றும் சொல்லாதவர் போல அமர்ந்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே! புத்தகங்களைத் தூசு தட்டுவதோடு, தாமதமாகத் திருப்பித் தருகிற எங்களையும் தூசு தட்டும் நூலகர் அம்மா அவர்களே! வாசித்து வாசித்தே மூக்குக்கண்ணாடி தடித்துப்போன பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு வந்திருக்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என் இல்லத்தரசியே! அனைவருக்கும் புத்தகம் கட்டும் ஒரு பைண்டரின் பணிவான வணக்கம்.

'பழைய சிறுகதைகளில் பிணக்குற்ற காதல்' என்பது எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. பேராசிரியர் பேச வேண்டிய பொருள். பசையும் பலகையுமாகப் பிழைப்பவனுக்கு இங்கே என்ன வேலை? கேட்கலாம். நானே கேட்டேன். "நீங்க பேசுங்க, உங்களுக்குத்தான் தெரியும்" என்றார் நூலகர் அம்மா. ஏன் அப்படிச் சொன்னார் என்பதுதான் என் உரை.

என்ன கதைகள் ஐயா அவை! எத்தனை கண்ணீர், எத்தனை கர்வம், எத்தனை கதவடைப்பு! ஒரு கதையில் கடிதம் பிந்தி வருகிறது. ஒரு கதையில் வந்த கடிதத்தை அவன் பிரிக்கவே இல்லை. ஒருத்தி சந்தேகத்தைச் சகித்துச் சகித்துச் சருகாகிறாள். ஒருவன் மன்னிப்புக் கேட்க மனமிருந்தும் வாயில்லாமல் மாய்கிறான். நம் பாட்டன் காலத்து மனிதர் ஒருவர், எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து எழுதினார். நம் வீட்டு அடுக்களையில் நடந்த சண்டை அவருக்கு எப்படித் தெரிந்தது? யார் சொன்னது? யார் ஒட்டுக்கேட்டது? நினைக்க நினைக்க எனக்கு மெய்சிலிர்க்கிறது.

என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு மடிப்புக்கு ஃபாரம் என்று பெயர். ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்க அடியிலும் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். அந்த வரிசையில் அடுக்கித் தைத்தால் புத்தகம். ஒன்று விடுபட்டால் போச்சு! எங்கள் கடையில் தைப்பதும் என் மனைவிதான், எண்ணைச் சரிபார்ப்பதும் அவர்தான். அட்டை போடுவது நான். பெயர்ப்பலகையில் பெயரும் என்னுடையதுதான். (சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் அதே கதைதான்.)

ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் முன்னால், "நாலும் அஞ்சும் இடம் மாறியிருக்கு பாருங்க" என்றார் என் மனைவி. எனக்குச் சுருக்கென்று கோபம். "நீ ஊசியைப் பாரு. எண்ணைப் பார்க்க நான் இருக்கேன்" என்றேன். அவர் ஊசியை வைத்தார். பையை எடுத்தார். வாசலில் போய்ச் செருப்பைத் தேடினார். வெகுநேரம் தேடினார். நான் பசை தடவிக்கொண்டே, 'கண் மங்கிப்போச்சு போல' என்று நினைத்துக்கொண்டேன். கண் மங்கியது யாருக்கு?

அடுத்த தெருவில் அவருடைய அக்கா வீடு. ஒரு வாரம் ஆயிற்று, வரவில்லை. இரண்டு வாரம் ஆயிற்று, நான் போகவில்லை. வீம்பு, அவையோரே, வீம்பு! சோற்றைக் குழைய விட்டுத் தின்றேனே தவிர, வாயைத் திறந்து கூப்பிடவில்லை.

அந்த நாட்களில்தான் இந்த நூலகத்தின் பழைய சிறுகதைத் தொகுதி ஒன்று கட்டுக்கு வந்தது. தைத்தேன், அட்டை போட்டேன், முடிவில் வழக்கம்போல இரண்டு வெள்ளைத்தாள் வைத்தேன், கொடுத்தேன். பத்து நாளில் நூலகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. நூலகர் அம்மா புத்தகத்தைத் தன் மேசைமேல் வைத்து, "கடைசிக் கதைக்கு முடிவே இல்லைங்க. ஒரு வாசகி சொல்லிட்டுப் போனாங்க. நீங்களே பாருங்க" என்றார்.

பார்த்தேன். கணவன் நாலு பேர் எதிரில் மனைவியை எடுத்தெறிந்து பேசுகிறான். அவள் புறப்படுகிறாள். 'அவள் கதவைத் திறந்தாள்.' அவ்வளவுதான், பதினெட்டாம் ஃபாரம் முடிந்தது. பத்தொன்பதாவதை என் கடையில் அழுத்தும் பலகைக்கு அடியில் வைத்து மறந்திருக்கிறேன்! அதன் இடத்தில் என் வெள்ளைத்தாள். அந்த வெள்ளைத்தாளில், அவையோரே, நீலப் பென்சிலில் யாரோ முடிவு எழுதியிருந்தார்கள்.

'அவள் வாசலில் நின்று செருப்பைத் தேடினாள். செருப்பு காலடியில்தான் இருந்தது. தேடினாள், தேடினாள். உள்ளே இருந்தவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.'

கையெழுத்தைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடமாக என் கடைச் சீட்டுகளில் பார்க்கிற கையெழுத்து. அந்த வாசகி என் மனைவி!

கடைக்கு ஓடினேன். பலகையைத் தூக்கிப் பத்தொன்பதாம் ஃபாரத்தை எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்தேன். அதில் கதைக்கு நாலே பக்கம், மிச்சமெல்லாம் பதிப்பக விளம்பரம். அந்த நாலு பக்கத்தில் அவள் போகிறாள். அவன் எழுந்திருக்கவில்லை. வருடங்கள் போகின்றன, அவன் அதே நாற்காலியில் கிழவனாகிறான். படித்தேன், பயந்தேன். என்னைப் பார்த்தே இராத ஒருவர் என் முதுமையை எழுதி, அச்சடித்து, என் பலகைக்கு அடியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்! இதுவா கதை? இதைப் பொய் என்று சொல்ல எனக்கு நா எழுமா?

நாற்காலியிலிருந்து எழுந்தேன். ஃபாரத்தோடு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவைத் திறந்த அக்கா, "புத்தகம் விக்க வந்தீங்களா?" என்றார். வேண்டியதுதான் எனக்கு.

என் மனைவி வந்தார். ஃபாரத்தை வாங்கி, நின்றபடியே நாலு பக்கமும் படித்தார். "நல்லா எழுதியிருக்கார். ஆனா அந்த ஆளு எழுந்திருக்கவே இல்லையே" என்றார்.

"நான் எழுந்து வந்துட்டேன்" என்றேன்.

"பதினெட்டோட நின்னதுமே தெரிஞ்சுபோச்சு, கடையில எண்ணைப் பார்க்க ஆள் இல்லைன்னு. ரிப்பேருக்கு உங்ககிட்டதானே வரும்? அதான் எழுதிட்டு, நூலகர் அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தேன்."

"இதை எங்க வைக்கணும்னு தெரியல" என்றேன்.

"பதினெட்டுக்கு அப்புறம் பத்தொன்பதுதான். இதுக்கு ஒரு ஆள் வேணுமா?"

"வேணும்."

அந்த ஒரு சொல்! ஒரே ஒரு சொல்! அதை நான் முதல் நாளே சொல்லியிருந்தால் மூன்று வாரம் மிச்சம். கதையில் வரும் அவன் சொல்லியிருந்தால் ஒரு வாழ்நாளே மிச்சம். அந்தப் பழைய கதைகளில் உடைந்துபோன மனிதர்கள் எல்லாரும், நாம் சொல்லாமல் வைத்திருக்கும் சொல்லைச் சொல்லிவிடு என்று நம்மைப் பார்த்துக் கெஞ்சுகிறார்கள்.

தலைவர் அவர்களே, மணியில் கை வைக்க வேண்டாம், இதோ முடித்துவிட்டேன். ஒரு வாடிக்கையாளர் முன்னால் சொன்னதை இத்தனை பேர் முன்னால் திரும்பப் பெறுகிறேன். எண்ணைப் பார்க்க நான் இல்லை. எண்ணைப் பார்ப்பவர் அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார்!

கைதட்டலை அவருக்கே கொடுங்கள். இப்போது அந்தத் தொகுதியில் பத்தொன்பதாம் ஃபாரமும் இருக்கிறது, அதன் பின்னால் நீலப் பென்சில் தாளும் இருக்கிறது. தாளைக் கிழிக்க நூலகர் அம்மா விடவில்லை, அவருக்கு நன்றி. வாய்ப்புத் தந்த அவைக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வீட்டுக்குப் போய் யாரிடம் என்ன சொல்ல வேண்டுமோ, சொல்லிவிடுங்கள். அன்று அக்கா வீட்டு வாசலில் செருப்பைத் தேட என் மனைவிக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. வணக்கம்.