இரண்டரை மில்லிமீட்டர்

வீட்டில் படம் மாட்டுவதென்றால் எனக்கு ஸ்கேல், நூல் எதுவும் வேண்டாம். லஸ் பக்கம் எங்கள் ஃப்ளாட்டில் யார் ஆணி அடித்தாலும், "டாக்டர் மாமா, நேரா இருக்கா பாருங்கோ" என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணளவு எனக்குப் பிறவியிலேயே வாய்த்தது. ஒன்பது வருஷமாக முழங்கால் மாற்று ஆபரேஷன்களை அந்தக் கண்ணை நம்பித்தான் செய்தேன். விசாரணைக் குழுவினர் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

தொண்ணூற்றெட்டில் சுஹாஸ் வெளிநாட்டுப் படிப்பை முடித்து எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தான். என் மகன் வயது. நோயாளியின் ஸ்கேன் படங்களை முழு அளவில் அச்செடுத்து, தி. நகரில் பல்செட் செய்யும் மெஹபூப் பாஷாவிடம் கொடுப்பான். பாஷா அவற்றை அட்டையில் ஒட்டி, வெட்டி, அடுக்கி, எலும்பின் உருவத்தைக் கொண்டுவந்துவிடுவார். அதன்மேல் பல்செட் பிளாஸ்டிக்கில், ரோஸ் நிறத்தில் ஒரு பிளாக் வார்ப்பார். அது அந்த ஒரு நோயாளியின் எலும்பில் மட்டும் கச்சிதமாக உட்காருமாம். அதிலுள்ள பிளவில் ரம்பத்தை விட்டு அறுத்தால் கால் நேராக வருமாம். எங்கே வெட்டுவது என்று ஒரு பல்செட் கடைக்காரர் எனக்குச் சொல்லித்தர வேண்டியதாயிற்று.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நான் ஆபரேஷன் செய்த பதினொரு கால்களின் எக்ஸ்ரேக்களை வரிசையாக மாட்டினான். கோணமானியை வைத்து அளந்தான்.

"நாலு கால் கோணல், ஸ்ரீரங்கன் சார். தப்பா எடுத்துக்காதீங்கோ."

நர்ஸ்கள் தரையைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவனை வெறுத்தேன், அதை மறைக்கப்போவதில்லை.

பிளாக் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகுமுன் மூத்த டாக்டர் அதை அட்டை எலும்பில் பொருத்திப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மூத்தவன் நான். பல பிளாக்குகளை ஒழுங்காகவே பார்த்து அனுப்பினேன். பிறகு ஒரு மதியம் தேவானையின் பிளாக் என் மேஜைக்கு வந்தது. சாந்தோம் குப்பத்தில் மீன் விற்பவள், இலவச முகாமில் சேர்ந்தவள். கால் வில்லாக வளைந்திருந்தது. யோசித்துத்தான் அவளைத் தேர்ந்தெடுத்தேன். கேஸ் போட அவள் வக்கீல் வீட்டுப் பெண் இல்லை. தொழிலும் உட்கார்ந்து செய்வது. அவளைவிடக் குறைவாகப் பாதிக்கப்படக்கூடியவர் யாரும் அந்த வாரப் பட்டியலில் இல்லை.

பிளாக்கின் உள்பக்க அடியை அரத்தால் இரண்டரை மில்லிமீட்டர் தேய்த்தேன். வெட்டு ஐந்து டிகிரி உள்பக்கம் சாயும். தூளை ஊதிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷனுக்கு நானே உதவியாக நின்றேன். பிளாக் ஆடாதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அறுத்து முடித்ததும் சுஹாஸ் கணுக்கால்வரை நீளக் கம்பியை வைத்துப் பார்த்துத் தயங்கினான்.

"உள்பக்கம் சாயற மாதிரி இருக்கே சார்?"

"பாதம் திரும்பிண்டிருக்கு, அதான் அப்படித் தெரியறது. உன் பிளாக்கையே நீ நம்பலேன்னா எப்படி?"

நம்பினான். அப்போதே சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சரிசெய்திருப்பான்.

எட்டு மாதத்தில் தேவானை கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். "காலு மறுபடி வளைஞ்சிகினே போவுது டாக்டரே. பெரிய டாக்டரு நீ கூட நிக்கிறேன்னுதான் தைரியமா படுத்தேன்" என்றாள். வலி மாத்திரை எழுதிக் கொடுத்தேன். பழி சுஹாஸ் மேல் விழுந்தது. பாஷாவுக்கு வேலை கொடுப்பதை ஆஸ்பத்திரி நிறுத்தியது.

ஆனால் பாஷா அந்த அட்டை எலும்பைத் தூக்கி எறியவில்லை. எங்கள் ஸ்டோர் ரூமில் கிடந்த பிளாக்கை வாங்கி, உங்கள் எதிரிலேயே அதன்மேல் வைத்துக் காட்டினார். ஆடியது. அரம் பட்ட கீறலும் தெரிந்தது. தேய்த்தது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

தேவானைக்கு மறு ஆபரேஷன் செய்ய என்னை அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பிளாக் வேண்டாம், கண்ணளவு போதும். அந்த ரோஸ் பிளாஸ்டிக்கை நம்பி எலும்பில் கைவைக்கக் கூடாது என்று முதல் நாளிலிருந்து சொல்லிவந்தவன் நான் ஒருவன்தான். அவள் காலைப் பார்த்த பிறகாவது நான் சொன்னது சரி என்று நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.