அம்புக் கற்கள்

உட்கார்ந்தால் எனக்குக் கால் குடையும். அதனால் நின்றபடியே சொல்கிறேன். நடுநடுவே இரண்டடி நடந்தால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஓடிவிட மாட்டேன். வாசலில் என் சித்தப்பா நிற்கிறார். அவரைத் தாண்டி இதுவரை எந்தக் கோவேறு கழுதையும் போனதில்லை.

தலைவர் மாமாவுக்கும் சபையாருக்கும் வணக்கம். லதகுங்காவிலிருந்து போலீஸ் வண்டி வந்துசேர மத்தியானம் ஆகும். அதற்குள் ஊர் கேட்க வேண்டியதை ஊர் கேட்டுவிடுவதுதான் முறை. என்னை அடிக்க வைத்திருக்கும் காஞ்சொறிக் கட்டைப் பார்த்தேன், காலையில் அறுத்த பசுமை போகவில்லை. என் மேல் ஊற்றத் தொட்டியில் தண்ணீரும் விளிம்பு வரை இருக்கிறது. ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கிலோத்தோவா ஏரியின் விளிம்பை ஒரு சுற்று சுற்றிவர வெளியூர்க்காரருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். எனக்கு மூன்றே கால். எரிமலை வெடித்த குழியில் தேங்கிய பச்சைத் தண்ணீரைப் பார்க்க மூன்று விமானம் மாறி வருகிறார்களே என்று என் அம்மா இன்றைக்கும் ஆச்சரியப்படுவார். ஒருமுறை அதை ஒரு ஜெர்மன்காரரிடமே கேட்டும்விட்டார். அவர் யோசித்துவிட்டு, "தெரியலையேம்மா" என்றாராம்.

லதகுங்காவில் இரண்டு வருஷம் சுற்றுலாப் படிப்பு படித்தேன். மூன்றாம் வருஷம் ஏன் போகவில்லை என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். ஊர் திரும்பிய அன்று பேருந்திலிருந்து இறங்கியதும் எதிர்ப்பட்ட முதல் ஆள் என்னை என் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நானும் ஏன் என்று பதில் கொடுத்தேன். வீட்டில் இன்னொரு தட்டு வைத்தார்கள். மறுநாளிலிருந்து ஏரியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். போக வேறு இடம் இல்லை, வீட்டில் இருக்கவும் கால் விடவில்லை.

அப்படி நடந்தபோதுதான் அந்தப் பிரெஞ்சு அக்கா தங்கையைக் கண்டுபிடித்தேன். அது உண்மையிலேயே தற்செயல். அப்போது வழிகாட்டும் அம்புகளைப் பாறைகளில் வரைந்திருந்தோம், மழையில் பாதி அழிந்துபோயிருந்தன. மத்தியானப் பனிமூட்டத்தில் வழி தவறி, புல்லுக்குள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் மைதானத்துக்குள் நுழைந்தபோது நீங்கள் எல்லாரும் எழுந்து நின்றீர்கள். எர்சீலியா அத்தை எனக்குப் பெரிய கிண்ணத்தில் சூப் ஊற்றினார். தலைவர் மாமா, நீங்கள் என் தோளில் கை வைத்து "நம்ம ரொமெல்" என்றீர்கள். அன்று எட்டு மணி நேரம் அசையாமல் தூங்கினேன். கால் குடையவே இல்லை.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் யாரும் வழி தவறவில்லை. மனிதர்கள் இவ்வளவு கவனமாக நடப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் பாதை சீரமைக்க வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஊரே கூடி வேலை செய்தோம் இல்லையா. அம்புகளைப் பாறையில் வரைய வேண்டாம், தனிக் கற்களில் வரைந்து பாதையோரம் வைப்போம் என்று யோசனை சொன்னது நான். எர்சீலியா அத்தைக்கு அது பிடிக்கவில்லை.

"டேய், மலை பூரா பாறையா நிக்குது. அதுல வரையறதை விட்டுட்டு எதுக்குடா கல்லு சுமக்கச் சொல்ற?"

"பாறையில பெயின்ட் நிக்காது அத்தை. கல்லுன்னா மழைக்காலத்துல கூரைக்குக் கீழ கொண்டாந்து மறுபடி பூசிக்கலாம்."

"படிச்ச பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும். மூளை உன்னுது, முதுகு எங்களுது."

எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். நாற்பத்திரண்டு கற்களை நீங்கள்தான் சால்வையில் கட்டி முதுகில் சுமந்து ஏறினீர்கள். பாறையில் வரைந்த அம்பை மாற்ற வேண்டுமென்றால் பெயின்டும் பிரஷும் வேண்டும், மனசும் கொஞ்சம் கெட்டிருக்க வேண்டும். கல்லில் வரைந்ததற்குக் காலால் ஒரு தள்ளு போதும். மாடுகூட அதைச் செய்யும். பல சமயம் மாட்டின் மேல்தான் பழி போட்டோம்.

எனக்கும் ஒரு வரைமுறை இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குழந்தையோடு வருகிறவர்கள் நடக்கும் நாளில் கல்லைத் தொடமாட்டேன். இருமுகிறவர்களையும் விட்டுவிடுவேன். தொலைந்தவர்களை எப்போதும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நடந்து நடந்து சில விஷயங்கள் புரிந்தன. ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்தால், தாங்கள் தொலையவே இல்லை, காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம் என்பார்கள். இரண்டு மணி நேரமானால் கை குலுக்குவார்கள். நாலு மணி நேரத்துக்குமேல் அழுவார்கள். ஆறு மணி நேரம் தொலைந்தவர்கள் கிறிஸ்துமஸுக்குக் கடிதம் போடுகிறார்கள். இதில் என் பங்கு எதுவும் இல்லை. மனிதர்கள் அப்படி இருக்கிறார்கள்.

இந்த வருஷம் ஜூனில் மைரா வழிகாட்டி லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாள். அதோ, ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்க்காமல் இருக்கிறாளே, அவள்தான். நடக்க வருகிற ஒவ்வொருவர் கழுத்திலும் சிவப்புக் கயிற்றில் ஒரு விசிலை மாட்டிவிட்டாள். "தொலைஞ்சா மூணு தடவை ஊதுங்க, நகராதீங்க." அவ்வளவுதான் அவள் செய்தது. அரை மணி நேரத்துக்குமேல் யாரும் தொலையாமல் போனார்கள். நல்ல வேலை. நான் முகத்துக்கு நேராகவே பாராட்டினேன்.

"என்னடா ரொமெல், உன் பிழைப்பைக் கெடுத்துட்டேனா?" என்று விளையாட்டாகக் கேட்டாள்.

"பிழைப்புன்னு ஒண்ணு இருந்தாத்தானே கெடுக்க" என்றேன்.

நாலு மாதம். சபையில் பேச்சு வந்தால் மைரா பெயர் வந்தது. என் அம்மாவே அவள் பெயரைச் சொன்னார். நான் ஏரியை ஒரு நாளைக்கு இரண்டு சுற்று சுற்ற ஆரம்பித்தேன். தூக்கத்திலும் கால் உதைத்துக்கொண்டே இருக்கிறது என்று தம்பி பாயைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டான்.

அப்போதுதான் வாஷிங்டன் ஐயா வந்தார். கடற்கரைப் பக்கத்தில் இப்படித்தான் பெயர் வைக்கிறார்கள். குவாயாகிலில் முப்பத்தைந்து வருஷம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், அறுபத்திரண்டு வயது. மனைவி நோர்மா அம்மாவுக்கு முட்டிவலி. அதனால் அவர் எர்சீலியா அத்தையின் விடுதியிலேயே தங்கிவிட்டார். ஐயா தனியாகக் கிளம்பினார். முதல் திருப்பம் வரை நானும் கூட நடந்தேன்.

"தம்பி, உங்க ஊர்ல காத்தைப் பூட்டி வெச்சிருக்கீங்களா? இழுக்கறேன், ஒண்ணும் உள்ள போகலையே."

"கடற்கரைக்காரங்களுக்குப் பாதிதான் விடுவோம் ஐயா."

"அதானே பார்த்தேன். மலைக்காரங்க நீங்க எங்களைக் குரங்குன்னு வேற சொல்வீங்களாம்."

"பெரியவங்க சொல்வாங்க. நாங்க சொல்றதில்லை."

"சொல்லு, பரவாயில்லை. குரங்குதான். ஆனா ஏறணும்னா மரம் வேணும்ல. இங்க வெறும் புல்லு. இதைப் பிடிச்சு எங்க ஏற?"

அவரை எனக்குப் பிடித்திருந்தது. இதை யாரும் நம்பப்போவதில்லை, ஆனாலும் சொல்கிறேன். வெயில் சுள்ளென்று அடித்ததால் மனைவி போட்டுவிட்ட இரண்டாவது ஸ்வெட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "விடுதியில குடுத்துடு. நான் கழட்டினதா சொல்லாதே, திட்டுவா." பனிமூட்டம் வந்தால் குளிரும் என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலமே, பாதை இரண்டாகப் பிரியும் மேற்குக் கவட்டில் கல்லைத் திருப்பி வைத்திருந்தேன். அந்த அம்பை நம்பிப் போனால் பாதை வெளிப்பக்கமாக இறங்கி மணல் ஓடையில் முடியும். எரிமலை மணல். இறங்க ஒரு நிமிஷம் போதும், ஏற வராது. கால் வைக்க வைக்க உதிரும்.

பனிமூட்டம் பன்னிரண்டுக்கு வந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு முதல் விசில் கேட்டது. மூன்று தடவை ஊதி நிறுத்தி, மறுபடி மூன்று தடவை. மைரா சொன்னபடியே ஊதினார். ஓடைக்கு மேலே புல்லில் இருந்தேன். பையில் வறுத்த சோளம் இருந்தது. நான் மெல்லுகிற சத்தத்தில் விசில் கேட்காமல் போய்விடுமோ என்று மெதுவாகத்தான் சாப்பிட்டேன். நடுவில் விசிலை விட்டுவிட்டுப் பேருந்து நடத்துநர் மாதிரி "போலாம் ரைட்" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் தைரியமாக இருக்கிறார் என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்தது.

இரண்டு மணிக்கு ஆலங்கட்டி மழை பிடித்தது. அது என் கணக்கில் இல்லை. அந்த நேரத்தில் போயிருக்கலாம். ஆனால் அதற்குள் ஊரில் யாரும் தேட ஆரம்பித்திருக்கவில்லை. தேடாத ஒருவரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தால் அது வெறுமனே கூட நடந்து வந்ததாகிவிடும். எனவே ஊருக்கு இறங்கினேன். மூன்று மணிக்கு நோர்மா அம்மா விடுதி வாசலில் நொண்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரரைப் பார்த்தியா? வாயாடிப்பா அவரு, யாருகிட்டயாவது பேசிட்டு நிக்கறாரோ?"

"கவலைப்படாதீங்கம்மா. நான் கூட்டிட்டு வரேன்."

இதற்குள் ஊரே தேடக் கிளம்பிவிட்டது. மைரா கயிறும் விளக்குமாக நின்றாள். "மணல் ஓடைப் பக்கம் போறேன். மேற்குல விசில் சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சுன்னு ஆடு மேய்க்கறவங்க சொன்னாங்க."

"அங்க நான் பார்த்துட்டேன். யாரும் இல்லை. நீ கீழ படகுத்துறைக்குப் போ, தண்ணிகிட்ட இறங்கியிருப்பாரு."

அவள் என்னை நம்பினாள். பதினாறு பேரைக் கூட்டிவந்தவன் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள். படகுத்துறைக்கு இறங்க முக்கால் மணி நேரம், ஏற ஒன்றரை. நான் நாலு மணிக்கு என் இடத்துக்குத் திரும்பினேன். விசில் இன்னும் கேட்டது. மூன்றுக்குப் பதில் இரண்டு. பிறகு ஒன்று, அதுவும் நீளமாக இல்லை. ஐந்தரைக்கு இறங்குவது என்று முடிவு செய்திருந்தேன். ஆறு மணிக்கு இருட்டிவிடும். இருட்டுவதற்குச் சற்று முன்னால் மைதானத்துக்குள் நுழைந்தால் எல்லாரும் வெளியே நிற்பார்கள். ஐந்து பத்துக்கு விசில் நின்றது. தூங்கிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். களைத்தவர்கள் தூங்குவார்கள். மீதி இருபது நிமிஷமும் எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து கழித்தேன். அன்று மாதிரி என் கால் என்றைக்கும் குடைந்ததில்லை.

ஐந்தரைக்கு இறங்கினேன். மணல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விசில் உதட்டிலேயே இருந்தது. விரல் நகமெல்லாம் மணல். சுவரில் அவர் ஏறப் பார்த்த தடங்களை எண்ணினேன், பதினொன்று. தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன். கனமான மனிதர். இரண்டு இடத்தில் இறக்கி வைக்க வேண்டியிருந்தது, இரண்டு தடவையும் தலை இடிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

நீங்கள் எழுந்து நின்றீர்கள். நோர்மா அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டார். "என் மனுஷனை மலையில விட்டுடாம கொண்டாந்துட்டியே" என்று சொன்னார். ஐயா கழற்றிக் கொடுத்த ஸ்வெட்டரை நான் நீட்டியபோது, நீயே போட்டுக்கொள் என்று திருப்பிக் கொடுத்தார். இப்போது நான் போட்டிருப்பது அதுதான். இந்தக் கூடத்தில் குளிர் அதிகம்.

மறுநாள் அடக்கத்துக்குப் பெட்டி தயாராகும்போது எல்லார் முன்னாலும் மைரா கேட்டாள். "மணல் ஓடையில பார்த்துட்டேன், யாரும் இல்லைன்னு சொன்னே. அப்புறம் அங்கேயிருந்துதானே தூக்கிட்டு வந்தே. எப்படி?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நல்ல பதில் ஒன்று இருந்தது, நான் பார்த்த பிறகு வந்து விழுந்திருப்பார் என்று. ஆனால் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது. பிறகு அவள் மேற்குக் கவட்டுக்குப் போய், கல் முதலில் இருந்த இடத்தில் புல் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து உங்களிடம் சொன்னாள். அத்தோடு முடிந்தது.

காஞ்சொறிக்கும் குளிர்நீருக்கும் சம்மதம். கல் சுமக்கச் சொன்னாலும் சுமக்கிறேன், நாற்பத்திரண்டையும் இறக்கிக் கொண்டுவந்து வைக்கிறேன். அம்மாவை உள்ளே கூட்டிப்போய்விடுங்கள், காஞ்சொறி வாசனை அவருக்கு ஆகாது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு திருத்தம். செயலர் படித்துக் காட்டிய குறிப்பில், "பதினாறு பேரைக் கண்டுபிடித்தான், ஒருவரைக் கொன்றான்" என்றிருக்கிறது. கொன்றதை நான் மறுக்கவில்லை. கல்லைத் திருப்பியது நான். விசில் கேட்டும் இறங்காதது நான். மைராவை ஏரிக்கு அனுப்பியதும் நான்தான். அது அப்படியே இருக்கட்டும். ஆனால் எண்ணிக்கை தவறு. பதினேழு என்று எழுதுங்கள். ஊரே தேடியது, அவரையும் நான்தான் கண்டுபிடித்தேன்.