அவ்ரில் கொடுத்த காசோலை

எங்கள் தெருவில் குப்பைத் தொட்டியை வியாழக்கிழமை காலையில்தான் வெளியே வைக்க வேண்டும். புதன் சாயங்காலமே இழுத்து வைத்துவிடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வேவு பார்ப்பதாக நினைத்துவிட வேண்டாம். என் சமையலறை ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. பாத்திரம் கழுவும்போது கண்ணை மூடிக்கொள்ளவா முடியும்?

என் பெயர் டோரீன் பாஸ்க். ஓய்வு பெறும்வரை இங்கே கிரிம்ஸ்பி ஊரில் ஒரு கிரெடிட் கார்டு கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தேன். சோபா வரவில்லை, விமானக் கம்பெனி திவாலாகிவிட்டது என்று அழுகிறவர்களுக்கெல்லாம் நான்தான் பதில் சொல்வேன். அதனால் தெருவில் யார் பெரிய செலவு செய்தாலும் முதலில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். நுகர்வோர் கடன் சட்டத்தின் எழுபத்தைந்தாம் பிரிவு எனக்குத் தூக்கத்திலும் ஒப்பிக்க வரும். விலை நூறு பவுண்டுக்கு மேல், முப்பதாயிரத்தைத் தாண்டாமல் இருந்தால், அதில் ஒரு சின்னப் பங்கைக் கார்டில் கட்டினாலே போதும். கடைக்காரன் கைவிரித்தால் முழுப் பணத்துக்கும் கார்டு கம்பெனி பொறுப்பு. ரொக்கத்துக்கும் காசோலைக்கும் அந்தக் காவல் கிடையாது.

எதிர்வீட்டு பாலின் புதுக் குளியலறை போட நினைத்தபோதும் இதைத்தான் சொன்னேன்.

"முழுசையும் கார்டுல போட்டா எனக்கு ராத்திரி தூக்கம் வராதுடி. கடன்காரி மாதிரி இருக்கும்" என்றாள்.

"முழுசையும் எவ போடச் சொன்னா? முன்பணத்த மட்டும் போடு. நாளைக்கே ஹாக்ஸ்வெல் கடையச் சாத்திட்டாலும் நீ நிம்மதியா குளிக்கலாம்."

"வாய வச்சுடாதடி."

நான் வாய் வைக்கவில்லை. ஹாக்ஸ்வெல் குளியலறைக் கடை ஆட்டம் கண்டு கொஞ்ச நாள் ஆகியிருந்தது. முடி வெட்டும் இடத்தில் அந்தக் கடைக் குழாய்க்காரனின் மனைவி சம்பளம் வரவில்லை என்று முனகினாள். மீன் வறுவல் கடை வாசலில் நின்ற டைல்ஸ் லாரிக்காரன், "ஹாக்ஸ்வெல்லுக்கா? காசு கைக்கு வந்தாத்தான் சரக்க இறக்கணும்னு முதலாளி சொல்லிட்டாரு" என்றான். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

இனி அவ்ரில் டிண்டால். பக்கத்து வீடுதான், ஆனால் அடுத்த ஊரில் இருக்கிறவளைப் பற்றிக்கூட எனக்கு இவளைவிட அதிகம் தெரியும். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை போடுவாள், பெயரைத் தவிர ஒரு எழுத்து இருக்காது. கணவன் டெரிக் பக்கவாதத்தில் விழுந்ததே ஆம்புலன்ஸைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். எப்படி இருக்கிறார் என்று கேட்டால், "அப்படியேதான் இருக்காரு, ரொம்ப நன்றி" என்பாள். அதோடு கதவு மூடிக்கொள்ளும். மற்ற வீடுகளில் எல்லாம் என்னிடம் சொல்லி அழுவார்கள். இவளுக்கு மட்டும் நான் யாரோ.

டெரிக் பராமரிப்பு இல்லத்தில் இருந்தான். கீழ்த்தளத்தில் படி இல்லாத குளியலறை இருந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவோம் என்று சொல்லிவிட்டார்கள். நகராட்சி உதவிக்குக் காத்திருக்கும் வரிசை நீளம். அவ்ரில் சேமிப்பை எல்லாம் எடுத்து ஹாக்ஸ்வெல்லிடம் போனாள். மொத்தத்தையும் முன்னாலேயே கொடுத்தால் அடுத்த வாரமே வேலையைத் தொடங்குவதாக அவன் சொல்லியிருக்கிறான்.

ஒரு வெள்ளிக்கிழமை என் கதவைத் தட்டினாள். கைப்பையைத் திறந்து கார்டை எடுத்துத் தயாராக வைத்திருந்தாள்.

"உள்ள வாங்க அவ்ரில். டீ போட்டிருக்கேன்."

"இல்ல டோரீன், உங்களுக்கு எதுக்குச் சிரமம். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். ஹாக்ஸ்வெல்லுக்குப் பணம் கட்டணும். கார்டா, செக்கா? பாலின் உங்களக் கேக்கச் சொன்னாங்க."

"டெரிக் எப்படி இருக்காரு?"

"அப்படியேதான் இருக்காரு, ரொம்ப நன்றி."

மிதியடியைத் தாண்டி ஒரு அடி வைக்கவில்லை.

"செக்கே கொடுத்துடுங்க" என்றேன். "சின்னக் கடை. கார்டுன்னா அவங்க கையிலிருந்து கமிஷன் போகும். பாவம், வாய்விட்டுக் கேக்க மாட்டாங்க. நாமதான் பாத்து நடந்துக்கணும்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, அது எனக்குத் தோணவே இல்ல. நல்லவேளை சொன்னீங்க" என்று கார்டை உள்ளே போட்டு மூடினாள். இங்கே ஒருத்தரிடம் பணம் போய்விடும் என்று சொன்னால்கூடத் துணிந்துவிடுவார்கள். அடுத்தவருக்குச் சங்கடம் என்று சொன்னால் போதும், கழுத்தை நீட்டுவார்கள்.

அன்று சாயங்காலம் பாலின் தொலைபேசியில் கூப்பிட்டாள். "ஹாக்ஸ்வெல் கடைல சாமான ஏத்துறாங்கடி. கடை முன்கண்ணாடில காட்சிக்கு வச்சிருந்த குளியல் தொட்டிகூடப் போகுது. நல்லவேளை, நான் முன்பணத்த கார்டுல கட்டினேன்."

"அப்படியா" என்று வைத்துவிட்டேன்.

என் வீட்டு வாசலிலிருந்து நேரே போய் அவ்ரில் கொடுத்த காசோலை இன்னும் பணமாகியிருக்காது. வங்கியைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவார்கள். அவ்ரில் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவரைத் தட்டினாலே அவளுக்குக் கேட்கும். நான் எலுமிச்சை கேக்குக்கு மாவு கலந்தேன். அழுதுகொண்டு வரும்போது வீட்டில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா.

வந்தாள். பணம் போனது தெரிந்து வந்தவள், இந்தத் தடவை மிதியடியில் நிற்கவில்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, கேக்கைத் தொடாமல், எல்லாவற்றையும் சொன்னாள். டெரிக்கின் முதல் மனைவி, பிறந்த அன்றே போன குழந்தை, பக்கவாதத்துக்குப் பிறகு அவன் வாயில் தங்கிய நாலைந்து வார்த்தைகள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பாலினிடம் மட்டும் சொன்னேன்.

பாலினுக்குக் கார்டு கம்பெனி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அவ்ரிலுக்கு ஒன்றும் வரவில்லை. நகராட்சி வரிசையில் போய் நின்றாள். குளிர்காலத்தில் டெரிக்குக்கு மார்ச்சளி கண்டு, பராமரிப்பு இல்லத்திலேயே இறந்துபோனான்.

"கோட்டு, வீடு, கோட்டு, வீடுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு டோரீன். குழாய்க்காரங்க வரட்டும்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றாள். அழவில்லை. நானும் அழவில்லை.

நீங்கள் கேட்க நினைப்பதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். கடை கவிழப்போகிறது என்று தெரிந்துதான் காசோலை கொடுக்கச் சொன்னேன். கவிழ்ந்த அன்றே தெரிந்தும் அவளிடம் சொல்லவில்லை. பணத்துக்காக இல்லை, அவள் பணத்தில் ஒரு பென்னிகூட என்னிடம் வரவில்லை. அவள் என் வீட்டுக்குள் வந்து உட்கார வேண்டும் என்றிருந்தது. டெரிக் போய்விடுவான் என்று நான் கணக்குப் போடவில்லை. போட்டிருந்தாலும் வேறு மாதிரி சொல்லியிருப்பேனா என்று கேட்டால், தெரியவில்லை.

அடக்கத்தன்று தேவாலயத்தில் அவள் என்னைக் குடும்பத்தார் வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். "எனக்குன்னு நீங்க ஒருத்திதான் இருக்கீங்க" என்றாள். இப்போது தினமும் வருகிறாள், டீ குடிக்கிறாள், எதையும் மறைப்பதில்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு அவள் கார்டில் கட்டியிருந்தால், இன்றைக்கு அவளுக்கென்று யார் இருந்திருப்பார்கள்?