அழித்தும் திரும்பி வந்த பெயர்

பிள்ளைகளே, நீங்கள் பிறப்பதற்கு முன், சிவாஜிநகரிலிருந்து ஃபாக்டரிகள் நிறைந்த பீன்யா பக்கம் போகும் பஸ்ஸில் கேட்டது இது. அப்போதெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்த வேலையை ஃப்ளாப்பி என்ற சதுரத் தட்டில்தான் ஆபீசுக்கு எடுத்துப் போவார்கள். முன் சீட்டில் இரண்டு பேர், ஒரே ஃபாக்டரி. இளையவர் மெஷின் ஓட்டுகிறவர். கம்ப்யூட்டர் தெரியும் என்பதால், எந்த மெஷினுக்கு யார் என்ற ஷிப்ட் லிஸ்ட்டும் அவர்தான் எழுதுவாராம்.

“லிஸ்ட்டுல செத்தவன் பேரு திரும்பத் திரும்ப வருதுண்ணா. ப்ரெஸ் மெஷின்ல மாட்டிப் போனானே, நம்ம செல்வம்.”

பெரியவர் சிரித்தார். “செத்தும் லீவு எடுக்க மாட்டேங்கிறானா? ஆபீஸ்ல மட்டும் அழிச்சிருப்ப. வீட்ல இருக்கிற பழைய லிஸ்ட்டு அதும்மேல ஏறியிருக்கும்ப்பா.”

“ரெண்டு எடத்துலயும் அழிச்சேண்ணா.”

“அப்புறம்?”

“இன்னிக்கு அந்த மெஷினுக்கு என் பேரைத்தான் போட்டிருந்தேன். காலையில தொறந்து பாத்தா என் பேரைக் காணோம். அங்க அவன் பேரு நிக்குது.”

“மாத்திட்டல்ல?”

“இல்லண்ணா.”

பீன்யா வந்தது. பெரியவர் எழுந்தார். இளையவர் ஃப்ளாப்பியை அவர் கையில் வைத்தார்.

“நீங்க எறங்குங்கண்ணா. இன்னிக்கு என் எடத்துக்கு ஆள் இருக்கு.”