கஜதீபன் சொன்ன ‘இல்லை’

எனது பெயர் சாரங்கி கஜதீபன். வயது முப்பத்துமூன்று. டென்மார்க்கின் அல்பர்ட்ஸ்லுண்ட் நகரில் கணவருடனும் மகளுடனும் வசிக்கிறேன். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். எனக்கு டேனிஷ் தெரியும். ஆயினும் பொலிசுக்குக் கொடுக்கும் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் சொல்ல விரும்பியதால் மொழிபெயர்ப்பாளர் வரவழைக்கப்பட்டார். கணவர் சம்பந்தப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுக்கலாம் என்று எனக்கு விளக்கப்பட்டது. நான் மறுக்கவில்லை.

என் கணவர் கஜதீபன், படைமுகாம்களில் தொலைத்தொடர்புக் கருவிகள் பொருத்தும் தனியார் நிறுவனமொன்றில் வேலை செய்தார். சென்ற வசந்தகாலத்தில் அவரை மேற்பார்வையாளராக்குவதற்காக நிறுவனம் கூடிய தரத்திலான பாதுகாப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தது. அந்த அனுமதிக்கான நேர்காணலில் போதைப்பொருள் பாவித்ததுண்டா என்று கேட்டபோது, ஒருபோதும் இல்லை என்று அவர் சொன்னார். அது பொய். மகள் பிறந்த வருடம் அவர் கொக்கெய்ன் பாவித்தார். நான் பிள்ளையோடு வெளியேற ஆயத்தமான பிறகே விட்டார். அதன் பிறகு தொடவில்லை.

அனுமதி கிடைத்தது. அதன் பிறகு ஓகஸ்ட் மாதத்தில் அவர் சாப்பாட்டைக் குறைத்தார், குளியலறைக்கும் தொலைபேசியைக் கொண்டுபோனார். மறுபடி தொடங்கிவிட்டார் என நினைத்து அவருடைய ஜக்கெற் பைகளைத் தேடினேன். ஒன்றும் இருக்கவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் நேரே கேட்டபோது, சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். முன்பு அவருக்குக் கொக்கெய்ன் விற்ற மிக்கெல் என்பவன் அவரைச் சந்தித்து, முகாமொன்றின் கருவி அறைக் கதவையும் பூட்டையும் படமெடுத்துத் தரும்படியும், தராவிட்டால் பழைய குறுஞ்செய்திகளை நிறுவனத்துக்குக் காட்டுவதாகவும் மிரட்டியிருக்கிறான்.

“படம் எடுத்தீங்களா?” என்று கேட்டேன்.

“எடுத்தனான். இன்னும் அனுப்பேல்லை.”

“பொலிசிட்டப் போவம்.”

“போனா வேலை போயிடும் சாரங்கி. ஒருக்கா அனுப்பிவிட்டா அவன் விட்டிடுவான்.”

“விடமாட்டான். அடுத்த கிழமை வேற ஏதும் கேப்பான்.”

அதன் பிறகு அவருடைய தொலைபேசியை வாங்கி என் கைப்பையில் வைத்தேன். அதில் எதையும் அழிக்கவில்லை. மகளைப் பக்கத்து வீட்டு மேரிகிறேஸ் அக்காவிடம் விட்டுவிட்டு, அவரை ஏற்றிக்கொண்டு காரை ஓட்டினேன். சுற்றுவட்டத்தில் வீட்டுக்குத் திருப்பும்படி கெஞ்சினார். நான் ஒருமுறை முழுவதும் சுற்றிவந்து, பொலிஸ் நிலையத்துக்குப் போகும் பாதையையே எடுத்தேன். உள்ளே போனதும் நான் பேசவில்லை. அவரே எல்லாவற்றையும் சொன்னார். மிக்கெல் மறுநாள் கைதானான்.

அதன் பிறகு பாதுகாப்பு அனுமதி இரத்தாகி, கணவர் வேலையை இழந்தார். பழைய பாவனையை முதலிலேயே சொல்லியிருந்தால், அதை விட்டிருந்த காலத்தையும் சேர்த்துப் பார்த்திருப்போம் என்றும், மறைத்ததால்தான் அவரை மிரட்ட மிக்கெலுக்கு ஒரு பிடி கிடைத்தது என்றும் அனுமதி வழங்கும் அதிகாரி என் முன்னிலையில் சொன்னார். கணவர் இப்போது பாண் சுடும் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கிறார். படம் எடுத்தது பற்றி அவர்மீதும் விசாரணை நடக்கிறது.

நான் கேட்டிராவிட்டால் அவர் அந்தப் படத்தை அனுப்பியிருப்பாரா என்று இன்று என்னிடம் கேட்கப்பட்டது. காலையில் நான் சப்பாத்துப் போடும்போது கணவர் பக்கத்தில் வந்து நின்று, “அனுப்பியிருப்பாரோ எண்டு கேட்டா, அனுப்பியிருக்க மாட்டார் எண்டு சொல்லும்” என்றார். அவர்மேல் எனக்கு அன்பு குறையவில்லை. ஆனால் அனுப்பியிருப்பாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. இதுவே என் பதில்.

மேலே எழுதப்பட்டது தமிழில் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கடைசிப் பதிலை மாற்ற விரும்புகிறேனா என்று கேட்கப்பட்டது. விரும்பவில்லை. எல்லாம் உண்மையென ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சாரங்கி கஜதீபன்