இரண்டு அடி மூத்தவள்

கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்கக் கூடாது. இந்தக் கடையைத் திறந்த நாளிலிருந்து வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது, ஒருவரும் கேட்டபாடில்லை. நீயும் இப்போது அதைத்தான் செய்தாய். அந்த மெல்லிய துணியை எடுத்துக்கொள். உட்கார். மெதுவாகப் பேசு, பின்னறையில் உன் அம்மா தூங்குகிறாள்.

நீ மேசைமேல் வரிசையாக வைத்திருக்கும் மூன்றும் நான் செய்தவைதான். உன் ஊர்க் கண்ணாடிக் கடைக்காரர் அளந்து பார்த்துச் சொன்னதும் சரிதான். மூன்றிலும் வலது கண்ணுக்கு வேண்டிய பவர் இருக்கிறது. இடது கண்ணுக்குக் குறைவாக இருக்கிறது, ஒவ்வொன்றிலும் முந்தையதைவிடக் குறைவாக. கை தவறியிருக்குமா சித்தி என்று கேட்டாய். அது உன் நல்ல மனசு. என் கை தவறாது.

உனக்கு அவளை அம்மாவாகத் தெரியும். எனக்கு அக்காவாகத் தெரியும், இரண்டும் வேறு. பேருந்து அலுவலகத்தில் கால அட்டவணை போடுவது, ஓய்வு பெறும்வரை அவள் உத்தியோகம். எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று அவள் சொன்னால் ஊர் அப்படியே ஓடும். வீட்டிலும் அதே அதிகாரம்தான். நான் என்ன படிக்க வேண்டும், எந்தக் கடையில் வேலை பழக வேண்டும், யாரோடு பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும், எல்லாம் அவள் போட்ட அட்டவணை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்த வண்டியை அவள் ரத்து செய்துவிட்டாள். அதைப் பற்றி நான் மனத்தாங்கல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, பேச்சுக்குச் சொல்கிறேன்.

உன் அப்பா போன பிறகு அவள் கோல்ஃப் ஆடப் போனாள். கடையிலேயே கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடுவேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கிளப்பில் அவள் என்னைக் குட்டி என்று கூப்பிட்டதில் அந்தப் பெயரும் பரவிவிட்டது. முழங்கால் வலியோடு மட்டைப் பையை இழுத்துக்கொண்டு போகும் கிழவியை ஆளாளுக்குக் குட்டி என்றார்கள். சிரித்துக்கொள்வேன். ஆனால் ஆட்டம் எனக்கு நன்றாக வந்தது. கண்ணாடி வில்லையைத் தேய்க்கும் கைக்குப் பந்தை மெல்லத் தட்டுவது பெரிய விஷயமில்லை.

அங்கே வயதானவர்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. வயதை அடிப்பது என்பார்கள். பதினெட்டுக் குழிகளையும் தன் வயது எத்தனையோ அத்தனை அடிக்குள் முடித்துவிட வேண்டும். எண்பது வயதுக்காரர் எண்பது அடிக்குள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஓர் அடி சலுகை கிடைக்கும், அதற்குள் உடம்பு இரண்டு அடியைத் தின்றுவிடும். அதனால் கிளப்பே அதைத் துரத்திக்கொண்டிருந்தது, சாதித்தவர்கள் நாலைந்து பேர்தான். அவர்கள் பெயரை நடைக்கூடத்தில் ஒரு மரப்பலகையில் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் ஆண்கள். பல் டாக்டர் ஒருவர் எங்களோடு சேர்ந்து ஆடுவார், அவர் பெயரும் அதில் உண்டு. அவரோடு பேச ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்துக்குள் அந்தப் பலகைக்கு உன்னை அழைத்துப்போய்விடுவார். முதல் பெண் யார் என்பதுதான் பாக்கி என்று அவரே ஒருநாள் சொல்லிவைத்தார்.

அக்காவுக்கு எழுபத்தெட்டு, எனக்கு எழுபத்தாறு. ஒருநாள் அவள் எண்பது அடியில் முடித்தாள், நான் எழுபத்தொன்பதில். கவனி, அடி குறைந்தவருக்குத்தான் ஜெயம், ஜெயித்தது நான். ஆனால் எல்லோரும் போய் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இன்னும் இரண்டே அடிதான் என்று பல் டாக்டர் ஊரைக் கூட்டினார். எனக்கு மூன்று பாக்கி, அதனால் என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காரில் வரும்போது அக்கா என் தொடையைத் தட்டிக்கொடுத்தாள்.

"நீ நல்லாத்தான் ஆடுறே, குட்டி. வயசுதான் பத்தலை."

அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. அவளுக்கு எப்போதுமே வேண்டுமென்று எதையும் சொல்ல வேண்டியிருந்ததில்லை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் எத்தனை வருடம் உயிரோடு இருந்தாலும், எவ்வளவு நன்றாக ஆடினாலும், அவள் என்னைவிட இரண்டு அடி முன்னால்தான் நிற்பாள். பிறந்ததைத் தவிர அதற்காக அவள் ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த வாரம் வழக்கம்போல் கண் சோதனைக்கு வந்தாள். நான் கடை வைத்ததிலிருந்து வேறு யாரிடமும் அவள் கண்ணைக் காட்டியதில்லை. சரியாகத்தான் அளந்தேன். இடது கண்ணுக்கு வேண்டிய வில்லை அன்று கடையில் இருப்பில்லை, அதனால் அரைப் பவர் குறைந்ததைப் போட்டேன். இல்லை, உன்னிடம் எதற்குப் பொய். இழுப்பறையில் இருந்தது. எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தேன்.

நீ நினைப்பதுபோல் அவளை நான் குருடாக்கவில்லை. ஒரு கண்ணில் கொஞ்சம் குறைந்தால் மற்ற கண் வேலையை எடுத்துக்கொள்ளும். படிக்கலாம், முகம் பார்க்கலாம், எதுவும் மங்கினதாகத் தோன்றாது. தூரம் மட்டும் பிசகும். குழிக்குச் சற்றுத் தள்ளிப் பந்து கிடந்தால், அது எவ்வளவு தூரம் என்பதில் ஒரு சின்ன ஏமாற்று. அவ்வளவுதான் நான் கேட்டேன். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அடி, எங்களுக்கு நடுவில் இருந்த அந்த இரண்டு.

கண்ணாடி அதைவிடத் தாராளமாக வேலை செய்தது. எண்பத்துமூன்று, எண்பத்தைந்து என்று ஏறிக்கொண்டே போனாள். பந்தின் முன்னால் நின்று கைகளைப் பார்ப்பாள், ஏதோ வேறு யாரோ கைகளை மாட்டிவிட்ட மாதிரி. புது மட்டை வாங்கினாள். பிடியை மாற்றினாள். பல் டாக்டர் இலவச ஆலோசனை வழங்கினார். நானும் பக்கத்தில் நின்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆட்டம் நாளுக்கு நாள் தெளிந்துவந்தது.

எழுபத்தொன்பதாவது பிறந்தநாள் வந்தது. அவளுக்கு ஓர் அடி கூடக் கிடைத்துவிட்டது இல்லையா, அதை ஈடுகட்ட வேண்டியிருந்தது. இதோ, இந்தத் தங்க நிறச் சட்டம் போட்டது, என் பரிசு. இதில் முக்கால் குறைவு. போட்டுக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்து, எனக்கு எடுப்பாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினாள். படியில் இறங்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தாள். தலைவலி என்றாள். அம்மாவுக்குக் கொஞ்சம் தடுமாற்றம் தெரிகிறது, வந்து பார்த்துவிட்டுப் போ என்று நான் உனக்குப் போன் செய்தேன். நீ வந்தாய். சாவித் துவாரத்தில் சாவியை நுழைக்க அவள் திணறுவதை நீதான் பார்த்தாய். கார் ஓட்ட வேண்டாம் என்று சாவியை அவள் கையிலிருந்து வாங்கியது நீ, நான் இல்லை. அழுதுகொண்டே வாங்கினாய், ஆனால் வாங்கினாய். நீ ஒரே ஒரு தடவை அவளை வேறொரு கண் டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கலாம். இரண்டு நாள் லீவில் வந்த உனக்கு அது தோன்றவில்லை. நான் குற்றம் சொல்லவில்லை. பெற்ற பெண்ணுக்கே வயோதிகம் என்று தோன்றினால் ஊர் வேறென்ன நினைக்கும்?

அக்கா முட்டாள் இல்லை. நீ போன மறுநாளே கடைக்கு வந்து, கண்ணை இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள். சோதனைக்கு மாட்டும் கனத்த இரும்புச் சட்டத்தில் சரியான வில்லைகளைப் போட்டு மாட்டிவிட்டேன். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தாள். கையை நீட்டி என் மூக்கு நுனியைச் சரியாகத் தொட்டாள். சிறுவயதில் அப்படித்தான் தொட்டு என்னை அழவைப்பாள்.

"இங்க எல்லாம் பளிச்சுன்னு தெரியுதே. வெளியே போனா ஏன் இப்படி ஆகுது?"

"இங்க வெளிச்சம் நல்லா இருக்குக்கா. கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்ல."

நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ தலையிலதான்" என்றாள்.

நான் இரும்புச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, தங்க நிறக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டேன். தலையில்தான் என்று நான் சொல்லவில்லை. அவளாகச் சொன்னது. மறுத்துப் பேசியிருக்கலாமே என்று நீ கேட்கலாம். அக்காவை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

மூளை டாக்டர் ஒருவரிடம் போனாள். இந்த வயதுக்கு நன்றாகவே இருக்கிறீர்கள் என்று அவர் சொன்னதை அவள் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று என்னிடம் சொன்னாள். அதன்பின் வாய் குறைந்துவிட்டது. எதற்கும் என் முகத்தைப் பார்ப்பாள். இந்த மருந்தை முழுங்கிவிட்டேனா, கதவைப் பூட்டினேனா என்று கேட்பாள். ஊருக்கு நேரம் குறித்தவள் என்னிடம் மணி கேட்டாள்.

விழுந்த நாளைப் பற்றிக் கேட்டாயே. காலையில் ஆட்டத்துக்குக் கூட்டிப்போகப் போனேன். மாடிப்படியின் அடியில் கிடந்தாள். நினைவு இருந்தது. கடைசிப் படி இல்லாத இடத்தில் இருப்பதாக நினைத்துக் காலை வைத்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். போர்வை போர்த்தி, ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, பின்னாலேயே என் வண்டியில் போனேன். இடுப்பு எலும்பு. ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். முடிய நாலைந்து மணி நேரம் ஆகும், இங்கே உட்கார்ந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று நர்ஸ் கேட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மட்டைப் பை வண்டியிலேயே இருந்தது.

அன்று காற்றே இல்லை. பல் டாக்டர் அக்காவுக்காக வருத்தப்பட்டு எல்லாக் குழியிலும் தப்பாக அடித்தார். நான் எழுபத்தேழு அடியில் முடித்தேன். எனக்கு அப்போது எழுபத்தேழு வயது. மனக்கஷ்டத்தோடு ஆடியும் சாதித்துவிட்டேன் என்று எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒரே வாரத்தில் பலகையில் என் பெயரை எழுதினார்கள். குட்டி என்று இல்லை, முழுப் பெயர்.

ஆபரேஷனுக்கு மறுநாளே ஆஸ்பத்திரியில் அக்காவிடம் சொன்னேன்.

"வயசை அடிச்சிட்டேன்க்கா."

"என்னைக்கு?"

"நேத்து."

"நேத்தா" என்றாள். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு என் விரல்களைப் பிடித்துக் குலுக்கி, "நான் எழுந்துக்கிறேன் பாரு. ரெண்டாவது பொம்பளையா நான் இருந்துட்டுப் போறேன்" என்றாள்.

இப்போது நீ கேட்கிற இடத்துக்கு வருகிறேன். முதல் கண்ணாடி பொறாமை, இரண்டாவது பேராசை, ஏதோ கிழவிக்குப் புத்தி பிசகியது என்று மன்னித்துவிட நீ தயாராக இருக்கிறாய், முகத்தில் தெரிகிறது. விழுந்த பிறகு எதற்கு மூன்றாவது? என் பெயர்தான் பலகையில் ஏறிவிட்டதே. அதுதானே உன் கேள்வி?

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை நேராக இங்கே, கடைக்குப் பின்னால் என் அறைக்குக் கொண்டுவந்தேன். நடக்கப் பழக்க வந்தவர், எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, ஆறு மாதத்தில் தனியாக நடப்பார், பிறகு மெல்ல ஆடக்கூடச் செய்யலாம் என்றார். அக்கா அப்போதே தேதி குறிக்க ஆரம்பித்துவிட்டாள். எந்த மாதம் வீட்டுக்குத் திரும்புவது, எந்த மாதம் மைதானம், எனக்கு என்றைக்கு ஓய்வு, எல்லாம். பழைய குரல். குட்டி, அதை எடு, குட்டி, இதை வை. அன்று மாலையே கடையில் உட்கார்ந்து இந்தக் கறுப்புச் சட்டக் கண்ணாடியைச் செய்தேன். இதில் ஒன்றேகால் குறைவு. தெரிந்துதான், நிதானமாகத்தான் செய்தேன். அவள் எழுந்து நடக்கக் கூடாது என்பதற்காகச் செய்தேன். மறுபடி விழுவாளோ என்றும் யோசித்தேன். விழாமல் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேனே.

அதற்குப் பிறகு அவள் தேதி எதுவும் குறிக்கவில்லை. குளியலறைக்குப் போவதென்றாலும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போகிறாள். வாசலில் கால் வைக்குமுன் இறக்கமா என்று கேட்கிறாள், நான் சொன்ன பிறகுதான் வைக்கிறாள். ஆடிய காலத்தைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. நாங்கள் இருவரும் இவ்வளவு அன்பாக இதற்குமுன் இருந்ததே இல்லை. பத்து நாள் உன் வீட்டில் வைத்துக்கொண்டாயே, தினமும் என்னைத்தானே தேடினாள்? நீயே சொன்னாய்.

உன் ஊர்க்காரர் செய்து கொடுத்த புதுக் கண்ணாடியை இப்படிக் கொடு, பார்க்கிறேன். வில்லை சரியாக இருக்கிறது. நல்ல வேலைக்காரர். ஆனால் மூக்கில் உட்காரும் இடம் கொஞ்சம் தளர்வு, இப்படியே போட்டால் அக்காவுக்குச் சறுக்கும். அவள் மூக்கு எனக்குத்தான் தெரியும். இங்கேயே வைத்துவிட்டுப் போ, நான் சரிசெய்து நானே மாட்டிவிடுகிறேன். இரண்டொரு நாள் ஆகும். அதுவரைக்கும் பழையதையே போட்டுக்கொள்ளட்டும்.